ரெண்டடி இடம்

கண்டக்டர் தவமணி வீட்டு அடுப்படி நீள ஆரம்பித்தது ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. ஏலக்காய் விலை காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாய் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகிய போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு ஒரு அடுப்படி ரெண்டடி ஏறிப்போனது பெரிய விஷயமாகப் படவில்லை. "அப்படியா, எந்தப் பக்கமா நீளுது?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். தவமணியின் மனைவி பூரணத்துக்குத்தான் அது உயிரைப் பிடித்து வைத்திருக்கிற சங்கதி. ஏன் என்பதைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

தவமணி போடி – மதுரை பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் ஓடியவர். ஐம்பத்தைந்து பேர் உட்காரும் வண்டியில் நூற்றுப் பத்துப் பேரை ஏற்றி, கடைசிப் படியில் ஒற்றைக் காலில் தொங்குகிறவனையும் "உள்ள போங்க, எடம் இருக்கு, உள்ள போங்க" என்று தொண்டை கிழியக் கத்தி உள்ளே நகர்த்தி, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று ஊர் ஊராக இறக்கிவிட்டு, தலையை எண்ணி, விசில் ஊதி, மறுபடியும் தலையை எண்ணி வாழ்ந்த மனுஷன். எண்ணிக்கையில் அவர் தப்பு விட்டதே இல்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட ஆட்காட்டி விரலைக் காற்றில் ஒரு சுற்று சுற்றி, "ஒண்ணு, ரெண்டு, மூணு. போலாம் ரைட்" என்பார், மகள் வினோதினி விழுந்து விழுந்து சிரிப்பாள், அதற்கப்புறம்தான் பூரணம் சோற்றில் கரண்டியை வைப்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வினோதினி தன்னோடு படித்த மதியழகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஆண்டிபட்டிக்குக் குடிபோனாள். பையன் வேறு சாதி. தவமணி கத்தவில்லை, கை ஓங்கவில்லை. "எறங்கிட்டா. எறங்குனவங்களுக்காக வண்டி நிக்காது" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றைக்குச் சாப்பாட்டில் விரல் சுற்றவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் சுற்றவில்லை. ஆனாலும் ஓய்வு பெறுகிறவரை மூன்று வருஷம் அதே தடத்தில்தான் ஓடினார். போகையில் ஒரு தரம், வருகையில் ஒரு தரம், "ஆண்டிபட்டி, ஆண்டிபட்டி எறங்கு" என்று மகள் இருக்கிற ஊரைத் தன் வாயாலேயே கூவியிருக்கிறாரே, அந்த நேரம் இந்த மனுஷன் தொண்டை எப்படி இருந்திருக்கும் என்று பூரணம் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். கேட்டதில்லை.

பூரணம் மகளோடு பேசுவாள். போனில் அவள் நம்பரைக் 'கேஸ் கம்பெனி' என்று போட்டு வைத்திருந்தாள். ஊரில் யாருக்கும் இல்லாத அக்கறையோடு கேஸ் கம்பெனி வாரம் ஒருமுறை பூரணத்தைக் கூப்பிடும்; பொங்கலன்றும் கூப்பிடும், பூரணத்துக்குக் காய்ச்சல் என்றால் ஒரே நாளில் மூன்று தடவை கூப்பிடும். தவமணி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "யாரு?" என்பார். "கேஸ் கம்பெனிங்க" என்பாள். "ம்" என்பார். குரல் கிடைத்தது, ஆனால் முகத்தைப் பார்த்து நாலு வருஷம் ஆயிற்று. அந்த ஏக்கம் பூரணத்துக்கு நெஞ்சில் ஒரு பக்கம் எப்போதும் கனத்துக்கொண்டே இருந்தது.

முகத்துக்குப் பதிலாக அவளிடம் ஒரு இடம் இருந்தது. அடுப்படியில் ஜன்னலுக்குக் கீழே, கடப்பைக் கல் மேடையின் ஓரம். மூணு வயசில் தூக்கி உட்கார வைத்தது, இருபத்து நாலு வயசு வரை வினோதினி அங்கேதான் கால் தொங்கப் போட்டு உட்காருவாள். வாய்ப்பாடு ஒப்பித்ததும் அங்கே, துருவிய தேங்காயைத் துருவத் துருவத் தின்றதும் அங்கே, அம்மாவிடம் முதன்முதலில் மதியழகன் பேரைச் சொன்னதும் அங்கே. அவள் போன பிறகு பூரணம் அந்த இடத்தில் ஒரு உப்பு டப்பாவைக்கூட வைக்கவில்லை. துடைப்பாள், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, அந்தக் காலி ஓரம் தவமணியின் கண்ணை உறுத்தியது. "பழசை இடிச்சிட்டு மாடுலர் கிச்சன் போட்ருவோம். ரெண்டு பேருக்கு இம்புட்டு எதுக்கு? கைக்கடக்கமா, கச்சிதமா இருக்கட்டும்" என்றார். தேனியிலிருந்து ஜெயபால் வந்தான், இடுப்பில் டேப்பும் கையில் ஒரு படிவமுமாக. வேலையில் கெட்டிக்காரன், அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"அடுப்படிங்கிறது சட்டை மாதிரி சார். ஆள அளந்துதான் தைக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தான். சமைக்கிறவங்களுக்கு வலது கைப் பழக்கமா இடது கையா, காய் நறுக்குவது நின்றா உட்கார்ந்தா, தினம் மாவு ஆட்டுவீர்களா, அரிசி மொத்தமாக வாங்குவீர்களா சில்லறையாகவா. எல்லாவற்றுக்கும் தவமணியே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். ஜெயபால் பேனாவை மூடினான்.

"சார், நீங்க சமைக்கிறீங்களா?"

"இல்ல."

"அப்ப அம்மா சொல்லட்டும்."

பூரணத்தை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரைக்கும் டேப்பைப் பிடித்துப் பார்த்தான். "முப்பது வருஷமா குனிஞ்சே சமைச்சிருக்கீங்கம்மா. மேடை உங்களுக்கு மூணு விரக்கடை பள்ளம். முதுகு வலி இருக்குமே?" என்றான். பூரணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த உயரத்தில் கல் இருந்தால் உனக்குச் சௌகரியம் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர் கேட்டதில்லை. முதுகு வலி தன் உடம்போடு பிறந்தது என்றே அவள் நினைத்திருந்தாள். இவனிடம் சொல்லலாம் போலிருந்தது, அந்த ஜன்னல் ஓரத்தை மட்டும் விட்டுடுப்பா என்று. வாயைத் திறக்கப் போனாள்.

"கடைசிக் கேள்வி. வீட்ல மொத்தம் எத்தன பேரு?"

நாலு வருஷம் சும்மா கிடந்த ஆட்காட்டி விரல் காற்றில் ஒரு சுற்று சுற்றியது. பூரணத்தைத் தொட்டது, தன் நெஞ்சைத் தொட்டது, ஜன்னல் ஓரத்துக்குப் போய் ஒரு நொடி நின்றது, மடங்கியது.

"ரெண்டு" என்றார் தவமணி. எண்ணிக்கையில் தப்பே விடாத கண்டக்டர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தப்பு விட்டார். ஜெயபால் அதை அப்படியே படிவத்தில் எழுதிக்கொண்டான்.

மேடையை இடித்தார்கள். ஓரத்துக் கடப்பைக் கல் மட்டும் உடையாமல் ரெண்டடித் துண்டாகக் கழன்று வந்தது. பூரணம் அதைக் குப்பையோடு போக விடாமல் கொல்லையில் குழாயடிச் சுவரில் சாத்தி வைத்தாள். பத்தடிச் சுவர் முழுக்க, அடுப்பிலிருந்து ஜன்னல் வரை, பெட்டி பெட்டியாகப் பொருத்தி மேலே புதுக் கல் பதித்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜன்னலோரக் கடைசிப் பெட்டியை இறுக்கிவிட்டு, "பாருங்க சார், பஸ் டிக்கெட் நுழையாது" என்றான் ஜெயபால். தவமணிக்குத் திருப்தி. பூரணம் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் காலையில் பால் காய்ச்ச வந்தவள், கடைசிப் பெட்டிக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவே ரெண்டடி இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். பெட்டி நகரவில்லை, சுவரில் ஒரு கீறல் இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் வீடு பழைய வீடுதான், பக்கத்து வீட்டுச் சந்தும் பழைய சந்துதான். பூரணம் பாலை மறந்து அந்த ரெண்டடியைத் துடைத்து வைத்தாள்.

ஜெயபால் வந்து நாலு தடவை அளந்தான். "நான் தப்பா அளக்கிற ஆளு இல்ல சார், ஆனா தப்புதான்" என்று ஒப்புக்கொண்டு, ரெண்டடியில் இன்னொரு பெட்டி செய்து கொண்டுவந்து அடைத்தான். மறுநாள் அந்தப் பெட்டிக்கு அந்தப் பக்கம் ரெண்டடி. அதையும் அடைத்தான். அதற்கும் அந்தப் பக்கம் ரெண்டடி. விநாயகர் சதுர்த்திக்கு அடுப்படி பதினாறு அடி ஆயிற்று, புரட்டாசி பிறக்கும்போது இருபத்திரண்டு, நவராத்திரிக்கு முப்பது. ஜெயபாலுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பெட்டி அடைபடும்போது பூரணம் கொல்லைப்பக்கம் போய்விடுவாள், ஒவ்வொரு காலையும் ஓடிப்போய் அந்த ரெண்டடி இருக்கிறதா என்று பார்ப்பாள், இருக்கும், அப்பாடா என்று அடுப்பைப் பற்ற வைப்பாள்.

ஊர் அதற்குள் இந்த அடுப்படியைத் தன் புழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. முக்கு டீக்கடைக்காரர் பலகையில் வடை, பஜ்ஜிக்குக் கீழே 'இன்று 26 அடி' என்று எழுதிப் போட்டார். வாஸ்து பார்ப்பவர் வந்து, அடுப்பு அக்னி மூலையில் நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஓடுவது ஜன்னல்தான், ஜன்னல் ஓடினால் தோஷமில்லை என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போனார். ரிட்டயர்டு சர்வேயர் ஒருவர் வீட்டை வெளியே அளந்து, அடுப்படியை உள்ளே அளந்து, வீட்டைவிட அடுப்படி எட்டடி நீளம் என்று கண்டுபிடித்து, பரவாயில்லை, இருக்கட்டும் என்றார். மழைக்காலத்தில் வாக்கிங் போக முடியாத சுகர்க்காரர்கள் ஐந்து பேர் காலை ஆறு மணிக்கு வந்து, அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக இருபது நடை நடந்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி பூரணம் கொடுக்கிற சர்க்கரையில்லாக் காபியைக் குடித்துப் போனார்கள். தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் பந்திச் சமையல் மொத்தமும் அங்கேயே நடந்தது, ஆறு அடுப்பு வரிசையாக எரிந்தது. எதிர்வீட்டுப் பாண்டியம்மாளின் அடுப்படியில் ஒருத்தர் திரும்பினால் ஒருத்தர் வெளியே போக வேண்டும். "எனக்கு ஒரு நாலடி குடுங்களேன் மதினி, அடுத்த பொங்கலுக்குத் திருப்பித் தந்துர்றேன்" என்று கேலி பேசுவாள்.

எல்லோருக்கும் நீளம், பூரணத்துக்கு மட்டும் தூரம். அடுப்பு இந்தக் கோடியில், தொட்டி அந்தக் கோடியில் ஜன்னல் சுவரோடு, சுவர் போகப் போக அதுவும் கூடவே போனது. தாளிப்பில் கடுகு வெடிக்க ஆரம்பித்த பிறகு கறிவேப்பிலைக்குக் கிளம்பினால் திரும்புவதற்குள் கடுகு கருகிப்போகும். முட்டி தேய்ந்து, நடக்கும்போது நறநறவென்றது. தவமணிக்குக் காபி ஆறித்தான் வந்து சேர்ந்தது. நாலு நாள் பார்த்தார், அவரே அடுப்படிக்கு நடுவில் வந்து நிற்க ஆரம்பித்தார், புளியை இங்கிருந்து வாங்கி அங்கே கொடுத்து, கழுவிய கீரையை அங்கிருந்து வாங்கி இங்கே கொடுத்து. பெருங்காய டப்பா எங்கே இருக்கும் என்று கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து அந்த மனுஷனுக்குத் தெரியவந்தது. போகும்போதும் வரும்போதும் அந்த ரெண்டடிப் பக்கம் மட்டும் திரும்பமாட்டார்.

ஐப்பசியில் நாற்பதடி ஆனபோது ஜெயபால் தோற்றுப்போனான். டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொன்னான்: "அடைச்சு முடியாது சார். பத்தாவது அடியில குறுக்க ஒரு செவுரு எழுப்பிருவோம். அந்தப் பக்கம் இருக்கிறத மறந்துருங்க. அம்மா முட்டியாவது மிஞ்சும்."

தவமணி சரி என்றார். செங்கல் வந்து வாசலில் இறங்கியது. தீபாவளிப் பலகாரம் சுட்டு முடிந்ததும் வியாழக்கிழமை சுவர் எழுப்புவது என்று பேச்சு. பூரணம் அன்று முழுக்க அந்த ரெண்டடியைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். சாயங்காலம் நாற்பதடியும் நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"எனக்குச் செவுரு வேணாங்க."

"முட்டி தேஞ்சு போச்சுங்கிறாங்க எல்லாரும். உனக்காகத்தான சொல்றேன்."

"தேஞ்சா தேயட்டும். தவழ்ந்து போயிக்கூடச் சமைப்பேன். அந்த இடத்த மூடாதீங்க. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்."

எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார், தலைகீழாக.

புதன்கிழமை மத்தியானம் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் முறுக்குச் சுற்ற வந்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய அடுப்படி நாளையோடு போகிறதே என்று ஆளுக்கொரு உழக்கு கூடவே மாவு பிசைந்திருந்தார்கள். நீளநெடுக உட்கார்ந்து, எண்ணெய் சடசடக்க, சிரிப்பும் ஊர்க்கதையுமாக இருந்தது. பாண்டியம்மாள் கடைசியாக வந்தாள். உட்கார இடம் தேடி நாற்பதடியும் நடந்து, ஜன்னலடியில் அந்த ரெண்டடி காலியாக இருப்பதைப் பார்த்து, "அடடே, எனக்குன்னே விட்டு வச்சிருக்காங்க" என்று மாவுச் சட்டியை இறக்கப் போனாள்.

"ஏம்மா, அங்க உக்காராத!"

ஓடுகிற பஸ்ஸின் பின்படியிலிருந்து முன்படி வரை கேட்கிற குரல். அடுப்படி நடுவில் புளிச்சட்டியோடு நின்றிருந்த தவமணிதான். பெண்கள் அத்தனை பேரும் கை நிறுத்திப் பார்த்தார்கள்.

"ஏண்ணே, சும்மாதான கெடக்கு?"

"ஆள் வருது" என்றார் தவமணி.

சொல்லிவிட்டு நடந்து போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, அந்த ரெண்டடியில் விரித்துப் போட்டார். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறவர்களை முப்பத்திரண்டு வருஷம் திட்டித் தீர்த்தவர், போட்ட துண்டையெல்லாம் தூக்கி வெளியே எறிந்தவர், தன் துண்டைத் தானே போட்டார். போட்ட துண்டைத் தொட அந்தக் கூட்டத்தில் யாருக்கும் மனசு வரவில்லை. பூரணம் கையிலிருந்த முறுக்குக் குழல் மாவுக்குள் விழுந்தது.

திரும்பி வருகையில் அவளிடம் நின்றார். முகத்தைப் பார்க்காமல், புளிச்சட்டியைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் கேஸ் கம்பெனிக்கு ஒரு போனப் போடு. சனிக்கெழமை அவள வரச் சொல்லு."

பூரணத்துக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. "தெரியுமாங்க?" என்றாள்.

"எந்தக் கேஸ் கம்பெனிக்காரன் உனக்குக் காய்ச்சல் விட்டிருச்சான்னு கேப்பான்?"

வியாழக்கிழமை சுவர் எழும்பவில்லை. வந்த செங்கலில் பத்தை எடுத்து அடுக்கி, கொல்லையில் கிடந்த கடப்பைக் கல்லைத் தவமணியும் ஜெயபாலும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்து அந்த ரெண்டடியில் வைத்தார்கள். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. எடுத்து வைத்திருந்த துண்டைத் தவமணி அதன்மேல் விரித்தார். வெள்ளிக்கிழமை காலையில் பூரணம் ஓடிப் போய்ப் பார்த்தாள். கல் இருந்தது, கல்லுக்கு அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வினோதினி வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், அப்பாவைப் பார்த்ததும் படியில் நின்றுவிட்டாள். தவமணி நகர்ந்து வழி விட்டார். சுகர்க்காரர்களும் பாண்டியம்மாளும் ஜெயபாலும் அன்று ஏதோ வேலை இருப்பதுபோல அங்கேயே நின்றார்கள். பூரணம் மகளின் கையைப் பிடித்து நாற்பதடியும் அழைத்துப் போனாள். துண்டை வினோதினியே எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டாள். "அம்மா, தேங்கா துருவலையா?" என்றாள், அதோடு ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தவமணி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

எல்லோரும் மூக்கைச் சிந்தி முடித்த பிறகுதான் ஜெயபால் பார்த்தான். தொழில்காரன் கண். சத்தமில்லாமல் குனிந்து டேப்பை இழுத்தான்.

"சார், இந்தப் பக்கம் இன்னும் ரெண்டடி இருக்கு சார்."

வினோதினி உட்கார்ந்த கல்லுக்கும் சுவருக்கும் நடுவே, சற்று முன்னால் இல்லாத இடம். வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள். பூரணம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசல் கேட்டுக்கு வெளியே, வெயிலில், பைக் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மதியழகன் நின்றிருந்தான். ஆண்டிபட்டியிலிருந்து மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டவன். அவளை வரச் சொல் என்றுதானே தகவல், தன்னைச் சொல்லவில்லையே என்று அங்கேயே நின்றுவிட்டான்.

தவமணியும் அவனைப் பார்த்தார். அந்த ரெண்டடியைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், மறுபடி ரெண்டடியைப் பார்த்தார். நெற்றியில் நரம்பு புடைத்தது. அவரை முப்பது வருஷமாக அறிந்த பூரணத்துக்கு அந்த நேரத்தில் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று தெரியவில்லை. சாமி, சாமி என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். ஆட்காட்டி விரல் மெல்ல எழும்பியது. பூரணத்தைத் தொட்டது, தன் நெஞ்சைத் தொட்டது, வினோதினியைத் தொட்டது, ஜன்னலைத் தாண்டி வாசல் கேட் வரைக்கும் போய் அங்கே நின்றது. மடங்கவில்லை.

அவர் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். அங்கே போய் என்ன பேசுவது என்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கென்று ஒரு வார்த்தையும் அவர் சேர்த்து வைத்திருக்கவில்லை. தொண்டையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், தேனியிலும் உசிலம்பட்டியிலும் யார் எவர் என்று கேட்காமல் யாருக்கெல்லாமோ கத்தியது. அதுவே வந்தது, தெரு முழுக்கக் கேட்டது.

"மாப்ள, ஏன் வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க, எடம் இருக்கு, உள்ள வாங்க!"

மதியழகன் செருப்பைக் கழற்றினான். பூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு பேருக்குக் காபி போடக் கிளம்பினாள். நாற்பதடிக்குப் பழகிய கால், நீள நடையாக வீசிப் போட்டாள். நாலாவது எட்டிலேயே அடுப்பு வந்து வயிற்றில் இடித்தது. திரும்பிப் பார்த்தாள். ஜெயபால் செய்த பெட்டியெல்லாம் பத்தடிக்குள் எப்படியோ ஒன்றையொன்று நெருக்கி உட்கார்ந்திருந்தன. கல்லில் மகள், பக்கத்தில் தயங்கித் தயங்கி மருமகன், நடுவில் பெருங்காய டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் நிற்கிற தவமணி. கையை நீட்டினால் மூன்று பேரையும் தொட்டுவிடலாம் போலிருந்தது.